உப்புத்தரைக்கு இறங்கி வந்தருளியவர்

சருகிக்கு உடம்பு முயல் அளவு. கால்கள் குச்சி அளவு. சருகுமான் என்றால் அப்படித்தான் இருக்கும். அவளுக்குள் எழும் கேள்விகள் மட்டும் யானை அளவு!

மலைக்கு அந்தப் பக்கத்துக் காடு கோடையில் எரிந்துபோனது. குட்டி துளியை முன்னால் ஓடவிட்டு, பின்னால் தான் ஓடி, எப்படியோ இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தாள் சருகி. வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒண்டிக்கொள்ள ஒரு மரப்பொந்து கிடைத்தது. தின்ன உதிர்ந்த பழம் கிடைத்தது. உப்புதான் கிடைக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட பிறகு புல்லெல்லாம் வெறும் தண்ணீராக இருந்தது. எவ்வளவு மேய்ந்தாலும் உடம்பில் ஒட்டவில்லை. சருகிக்குப் பால் வற்றியது. துளிக்குக் கால் நிற்கவில்லை. நாலு எட்டு வைப்பாள், முன்னங்கால் மடங்கிவிடும். மடங்கினால் அழமாட்டாள். அம்மாவின் கழுத்தைத் தேடி வந்து நக்குவாள். சொரசொரவென்று, விடாமல் நக்குவாள். வியர்வையில் இருக்கும் கொஞ்சூண்டு உப்புக்காக அந்தப் பாடு.

பக்கத்துப் புதரில் காட்டுப்பன்றி மூக்காயி ஏழு குட்டிகளோடு குடியிருந்தாள். ஒரு நாள் அவள் இதைப் பார்த்துவிட்டாள்.

"தங்கச்சி, பிள்ளையை உப்புத்தரைக்குக் கூட்டிட்டுப் போ. பாறைக்கு அடியில சாம்பல் நிறத்துல ஒரு மண் இருக்கு. நாலு நக்கு நக்கினா எழுந்து ஓடும்!"

"இதை ஏன் அக்கா இத்தனை நாளாச் சொல்லலை?"

"சொல்லியிருப்பேன். அங்க ஒரு முறை இருக்கு. உனக்கு வாய் சும்மா இருக்காது. அதான் யோசிச்சேன்."

"என்ன முறை?"

"பாத்தியா, ஆரம்பிச்சிட்டே! பாறை உச்சியில இருக்காரே வரையாட்டுத் தலைவர் உச்சியார், அவர் இறங்கி வந்து முதல்ல நக்கணும். அப்புறம் அவர் குடும்பம். அப்புறம்தான் நாம."

"ஏன்?"

"அவர் நாக்கு படாத மண் கசந்துபோகும்."

"யாராவது நக்கிப் பார்த்திருக்காங்களா?"

மூக்காயி நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கசக்கும்னு தெரிஞ்சும் எவளாவது நக்கிப் பார்ப்பாளா?"

சருகி துளியை மூக்கால் மெல்லத் தள்ளிக்கொண்டு மூக்காயியின் பின்னால் நடந்தாள்.

உப்புத்தரையில் ஏற்கெனவே கூட்டம். அணில்கள், முயல்கள், கேளையாடுகள் எல்லாம் வரிசையாக நின்றன. முன்வரிசையில் கடமான் பெருங்காலன் நின்றிருந்தார். அவர் நிழலில் மூன்று வரையாடு படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிய உருவம். அவரும் தலையைத் தாழ்த்தித்தான் நின்றார். பட்டுப்போன ஒரு மரக்கட்டைமேல் காட்டுச்சேவல் கொண்டையன் ஏறி நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அறிவிப்பது அவன் வேலை.

வெயில் பாறையின் நடுவயிற்றைத் தொட்டது. மேலே கூழாங்கல் உருண்டது. கொண்டையன் கழுத்தை நீட்டினான்.

"வந்தருளினார்! உயரத்தை விட்டு, நமக்காக மனமிரங்கி, உச்சியார் இறங்கி வந்தருளினார்!"

"அருளினார்! அருளினார்!" என்றது கூட்டம். எல்லாத் தலைகளும் மண்ணைத் தொட்டன.

உச்சியார் ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் வளைந்த கொம்பு. முதுகில் வெள்ளிச் சேணம் போட்டது போன்ற ரோமம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

"நின்றருளினார்! நம்மைப் பார்த்தருளினார்!"

உச்சியாருக்கு மூக்கில் ஏதோ ஏறிவிட்டது. தும்மினார்.

"தும்மியருளினார்!"

"அருளினார்! அருளினார்!"

சருகி குனிந்த தலையை லேசாகத் திருப்பினாள். "அக்கா, அருளினார்னா என்ன?"

"பெரியவங்க எது செஞ்சாலும் அதுகூட இதை ஒட்டணும். நாம தின்னா தின்னோம். அவர் தின்னா தின்றருளினார். நேத்து நடுவழியில புழுக்கை போட்டருளினார். அதுக்கும் கும்பிட்டோம்."

"அருள்றதுன்னா கொடுக்கிறதுதானே?"

"ஆமா. மனமிரங்கிக் கொடுக்கிறது."

"அப்போ தும்மினப்ப என்ன கொடுத்தார்?"

"சளி" என்றாள் மூக்காயி. "வாயை மூடு. நக்கப் போறார்."

உச்சியார் சாம்பல் மண்மேல் குனிந்தார். "சுவைத்தருளினார்! நமக்காகச் சுவைத்தருளினார்!" என்று கொண்டையன் கூவினான். உச்சியார் நக்கினார். நக்கினார். நக்கிக்கொண்டே இருந்தார். கண் சொருகிப்போனது. வெயில் பாறையின் நடுவயிற்றை விட்டு அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. அவர் நிமிரவில்லை.

துளிக்கு முன்னங்கால் மடங்கியது. அம்மாவின் கழுத்துக்கு வந்து நக்கத் தொடங்கினாள். சொரசொர, சொரசொர.

சருகி குட்டியின் நாக்கைப் பார்த்தாள். உச்சியாரின் நாக்கைப் பார்த்தாள். இரண்டும் ஒரே வேகத்தில்தான் போயின. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் வந்தால் அவளுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"நக்குறது அவர். உப்பு போறது அவர் வயித்துக்கு. இதுல நமக்கு அருளினது என்ன?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த நேரம் பார்த்து கொண்டையன் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தான். கேள்வி பாறையில் மோதி எல்லார் காதுக்கும் போனது.

உச்சியார் நிமிர்ந்தார். மூக்கு நுனியில் மண் ஒட்டியிருந்தது.

"யார் அது?"

கூட்டம் விலகியது. சருகியும் துளியும் மட்டும் தனியாக நின்றார்கள்.

"நான்தானுங்க. தெரியாமத்தான் கேட்டேன். ஊருக்குப் புதுசு."

"யாம் எதுவும் வேண்டி இங்கு வருவதில்லை! எம் பாட்டன் குளம்பால் உதைத்ததால் வந்த உப்பு இது. உங்கள்மேல் இரக்கப்பட்டு இறங்குகிறோம். இரக்கத்துக்குக் கணக்குக் கேட்கிறாயா? இனி இறங்கமாட்டோம்!"

சொல்லிவிட்டுத் திரும்பினார். பாறைமேல் தாவினார். பின்னால் பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்த அவர் மனைவியும் குட்டிகளும் ஒன்றும் புரியாமல் திரும்பி ஏறினார்கள். ஒரு குட்டி மட்டும் இரண்டு முறை உப்புத்தரையைத் திரும்பிப் பார்த்தது.

"ஏறியருளினார்!" என்று பழக்கதோஷத்தில் கத்தினான் கொண்டையன். பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "ஐயய்யோ! ஏறியருளினார்!"

அன்று யாரும் நக்கவில்லை. மறுநாளும் இல்லை. நாலு நாள் போனது.

நாலு நாளும் எல்லாரும் வந்து வரிசையில் நின்றார்கள். உப்பு காலடியில் கிடந்தது. மழை விட்ட ஈரத்தில் அதன் வாசனைகூட வந்தது. நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் எல்லார் கண்ணும் மேலேதான். மேலே பாறை விளிம்பில் ஒரு கொம்பு நுனி எப்போதாவது தெரியும். உடனே மறைந்துவிடும். மூக்காயியின் குட்டிகள் ஒன்றன் காதை ஒன்று சப்பத் தொடங்கின. துளி இப்போது நாலு எட்டுகூட வைக்கவில்லை. படுத்த இடத்திலேயே படுத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் பெருங்காலன் சருகியின் பொந்துக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் மொத்தக் கூட்டமும்.

"வந்த இடத்துல அடங்கி இருக்கத் தெரியாதா உனக்கு? உன் ஒரு வாயால இத்தனை வாய்க்கும் உப்பில்லை!"

"கேள்விதானே ஐயா கேட்டேன்?"

"கேட்டியே, அதான் தப்பு! நீயே மேல போ. மன்னிப்புக் கேள். கூட்டிட்டு வா. கூட்டிட்டு வரலைன்னா, பிள்ளையைத் தூக்கிட்டு வேற காடு பாத்துக்கோ!"

சருகி திரும்பித் துளியைப் பார்த்தாள். எழுந்து நிற்கவே முடியாத பிள்ளை. இன்னொரு காட்டுக்கு எங்கே நடக்கும்? வழியிலேயே கிடக்கும். அதற்குமேல் அவளுக்கு நினைக்கத் தோன்றவில்லை.

"போறேன்" என்றாள்.

கொண்டையன் முன்னால் வந்தான். "எப்படிக் கேக்கணும்னு நான் சொல்லித்தரேன். 'அறியாமல் கேட்டுவிட்டேன். பெரிய மனசு பண்ணி இறங்கி வந்தருள வேண்டும்.' எங்கே, சொல்லு!"

"அறியாமல் கேட்டுவிட்டேன். பெரிய மனசு பண்ணி இறங்கி வந்தருள வேண்டும்."

"'வேண்டும்'னு சொல்றப்ப நெத்தி மண்ணுல படணும்."

"அங்க மண் இருக்காது. பாறைதானே?"

"அப்ப பாறையில படட்டும்! இதுக்கும் ஒரு கேள்வி!"

துளியை மூக்காயியிடம் விட்டுவிட்டு சருகி புறப்பட்டாள். "பாத்துப் போ தங்கச்சி. பிள்ளையை என் பிள்ளைங்களோட படுக்கவெச்சுக்கறேன்" என்றாள் மூக்காயி. அவள் குரலில் வழக்கமான கேலி இல்லை.

அந்தக் காட்டில் யாரும் பாறை ஏறியதில்லை. மேலே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வழிந்து உண்டான ஒரு வெடிப்பு இருந்தது. சருகியின் உடம்பு அதற்குள் சரியாகப் போனது. குளம்பு வழுக்கியது. நாலு எட்டு ஏறினால் இரண்டு எட்டு சறுக்கியது. வாய்க்குள் பாடம் ஓடிக்கொண்டே இருந்தது. அறியாமல் கேட்டுவிட்டேன். பெரிய மனசு பண்ணி.

ஆனால் மனசு சொன்னபடி கேட்டால்தானே? அது பாட்டுக்கு அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. மழை பெய்கிறது. பெய்தருளியது என்று யாரும் சொல்வதில்லை. அத்திமரம் காடே தின்னும்படி பழம் உதிர்க்கிறது. உதிர்த்தருளியது என்று சேவல் கூவுவதில்லை. அதுவும் எதிர்பார்ப்பதில்லை. 'நான் துளிக்குப் பால் கொடுத்தருளினேன்' என்று சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. பால் வற்றிப்போனது நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது.

கொடுக்கிறவர்களுக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லையே! அப்படியென்றால் இது யாருக்குத் தேவைப்படுகிறது?

வெயில் உச்சிக்கு வரும்போது அவளும் உச்சிக்கு வந்துவிட்டாள். வெடிப்பிலிருந்து தலையை நீட்டப்போனாள். ஒரு பெரிய நிழல் பாறைமேல் ஓடியது. கழுகு! சட்டென்று உள்ளே ஒடுங்கிக்கொண்டாள். அப்போதுதான் பக்கத்தில் பேச்சுக்குரல் கேட்டது.

"ஏங்க, போய்த் தொலைங்களேன்! பிள்ளைங்க கல்லை நக்குதுங்க!"

உச்சியாரின் மனைவி குரல் அது. சருகி வெடிப்பு வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். புல்தரை பச்சையாக விரிந்து கிடந்தது. அதை யாரும் மேயவில்லை. ஒரு குட்டி வெறும் பாறையை நக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று எப்போதோ செத்த ஏதோ ஒன்றின் எலும்பைச் சப்பிக்கொண்டிருந்தது. உச்சியார் விளிம்பில் நின்று கழுத்தை நீட்டிக் கீழே எட்டிப் பார்த்தார்.

"எப்படிப் போறது? கூப்பிட வரலையே!"

"கூப்பிட்டாத்தான் போவீங்களா? உப்பு என்ன அவங்க வீட்டுக் கல்யாணமா?"

"உனக்குப் புரியாது. நானா இறங்கிப் போனா உப்புக்கு வந்தவன்னு ஆயிடும். அவங்க கெஞ்சி நான் போனாத்தான் அருளினவன்னு ஆகும்."

"உப்புக்குத்தானே போறோம்!"

"மெல்லப் பேசு!"

"நாலு நாளா எட்டி எட்டிப் பாக்குறீங்க. ராத்திரி தூக்கத்துல என் காதைப் பிடிச்சு நக்குறீங்க. இதுக்குப் பேர் என்ன? நக்கியருள்றதா?"

உச்சியார் ஒரு முன்னங்காலைத் தூக்கினார். கீழே இறங்குகிற மாதிரி நீட்டினார். தலையை எந்தப் பக்கம் சாய்த்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். நீட்டிய கால் நடுங்கியது. எடுத்துக்கொண்டார்.

அந்த நடுக்கம் சருகிக்குத் தெரிந்த நடுக்கம். துளியின் கால் மடங்குமுன் அப்படித்தான் நடுங்கும்.

கழுகு போய்விட்டது. சருகி வெளியே வந்தாள்.

அவளைப் பார்த்ததும் உச்சியார் மாறிப்போனார்! முதுகு நிமிர்ந்தது. கொம்பு உயர்ந்தது. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டார்.

"வந்தாயா! ம், சொல். கேட்கிறோம்."

சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். சொல்லி நெற்றியைப் பாறையில் வைத்தால் போதும். பொழுது சாய்வதற்குள் துளிக்கு உப்பு. சருகி வாயைத் திறந்தாள். "அறியாமல்..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வரவில்லை. ஏனென்றால் அவள் அறிந்துவிட்டாள்.

"உங்களுக்கும் உப்பு வேணுமுங்களா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. பசிக்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"எமக்கா? உப்பா? எமக்கு எதற்கு? யாம் உங்கள் பொருட்டு..."

அவர் முடிப்பதற்குள் அந்தக் குட்டி வந்துவிட்டது. கல்லை நக்கிக்கொண்டிருந்த குட்டி. ஏறி வந்த வியர்வையில் சருகியின் கழுத்து நனைந்திருந்தது. குட்டி மோந்து பார்த்தது. நக்கத் தொடங்கியது. சொரசொர, சொரசொர. கண் சொருகிப்போனது அதற்கு.

உச்சியாரின் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். உச்சியார் எதையோ சொல்ல வந்து, விழுங்கினார். குட்டியின் நாக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

சருகி கழுத்தை எடுக்கவில்லை. குட்டிக்குப் போதும் என்று ஆகும்வரை நின்றாள். பிறகு, "சரிங்க. என் பிள்ளை கீழே படுத்துக்கிடக்கு. நான் போறேன்" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கெஞ்சவில்லை. வந்த வெடிப்பிலேயே இறங்கிவிட்டாள்.

கீழே உப்புத்தரையில் கூட்டம் காத்திருந்தது. ஓரமாக மூக்காயியின் குட்டிகளோடு துளி படுத்திருந்தாள். கொண்டையன் கட்டைமேல் தயாராக நின்றான். கழுத்தைக்கூட நீட்டிவிட்டான்.

"வராரா?"

"அவருக்கும் உப்பு வேணும். வேணும்னா வருவார்."

"சொல்லிக்கொடுத்ததைச் சொன்னியா?"

"இல்லை."

"ஏமாத்திட்டியே!" என்று பெருங்காலன் கர்ஜித்தார். கொம்பைத் தாழ்த்தினார். மூக்காயி குறுக்கே வந்து நின்றாள். "ஐயா, முட்டணும்னா முதல்ல என்னை முட்டுங்க. நான் ஒல்லி இல்லை, குறி தப்பாது!"

அந்த நேரத்தில் சருகி பெருங்காலனின் வயிற்றுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போய்விட்டாள். உப்புத்தரையின் நடுவில் நின்றாள். அவளுக்கும் பயம்தான். உண்மையிலேயே கசந்துவிட்டால்? கசந்து, அந்தக் கசப்பு எல்லா மண்ணுக்கும் பரவிவிட்டால்? துளிக்கு உப்பே இல்லாமல் போய்விட்டால்?

குனிந்தாள். நக்கினாள்.

காடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கொண்டையன் ஒரு கண்ணை மூடிக்கொண்டான். மூக்காயி மட்டும் கழுத்தை நீட்டி மெதுவாகக் கேட்டாள்.

"தங்கச்சி, எப்படி இருக்கு?"

சருகி நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள்.

"உப்பா இருக்கு."

அவ்வளவுதான்! மூக்காயி ஒரு பக்கம் துளியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் குட்டிகள் ஏழும் அவள் காலுக்கிடையில் புகுந்து ஓடின. முயல்கள் ஓடின. அணில்கள் ஓடின. துளி படுத்தபடியே நக்கினாள். பிறகு முட்டிபோட்டு நக்கினாள். பெருங்காலன் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று உறுதியான பிறகு அவரும் குனிந்தார்.

மூன்று நாளில் துளி பத்து எட்டு வைத்தாள். நான்காம் நாள் ஓடி, ஒரு வேரில் தடுக்கி விழுந்து, தானே எழுந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கொண்டையனுக்கு வேலை போய்விட்டது. வேலை போன தொண்டை சும்மா இருக்குமா? ஒரு காலையில் சருகி உப்புத்தரைக்கு வந்ததும் அவன் கட்டைமேல் ஏறினான்.

"சருகியம்மா வந்தருளினார்! நமக்காக முதலில் நக்கியருளியவர் வந்தருளினார்!"

"அருளினார்! அருளினார்!" என்றது கூட்டம். அதற்குப் பழகிப்போயிருந்தது. பெருங்காலன் தலையைத் தாழ்த்தி வழி விட்டார். அவ்வளவு பெரிய கொம்பு அவள் காலடியில்!

சருகி திடுக்கிட்டாள். "ஐயே, என்ன இது!" என்றாள். ஆனால் காதுக்குள் ஏதோ இனிப்பாக இறங்கியது. வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் கொண்டையன் கூவுவதற்குக் கொஞ்சம் தாமதமானது. அவள் ஒரு புதருக்குப் பின்னால் நின்று காத்திருந்தாள்! எதற்காக நின்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறவள் அதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றுதான் மேலே கூழாங்கல் உருண்டது.

உச்சியார் இறங்கி வந்தார். பின்னால் மனைவி, குட்டிகள். யாரும் கூவவில்லை. கம்பீரம் எதுவும் இல்லை. நடுங்கும் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். உப்புத்தரையின் ஓரத்துக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

பெருங்காலன் குறுக்கே போய் நின்றார். எத்தனையோ நாள் தாழ்த்தி வைத்த தலை இப்போது நன்றாக நிமிர்ந்திருந்தது.

"ஓய்! சும்மா வந்து நக்கிட்டுப் போக இது என்ன உங்க பாட்டன் உதைச்ச மண்ணா? கேக்குற மாதிரி கேளும்!"

"நல்லாக் கேட்டீங்க!" என்றான் கொண்டையன். "'சருகியம்மா பெரிய மனசு பண்ணி அனுமதித்தருள வேண்டும்.' எங்கே, சொல்லும்! 'வேண்டும்'னு சொல்றப்ப நெத்தி மண்ணுல படணும்!"

கூட்டம் சிரித்தது. உச்சியார் சிரிக்கிற முகங்களைப் பார்த்தார். பின்னால் நிற்கும் குட்டிகளைப் பார்த்தார். கொம்பு மெல்லத் தாழ்ந்தது.

எல்லார் கண்ணும் சருகிமேல். அவள் நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது. 'போனால் போகிறது, வரட்டும்.' இரக்கமான சொல்தான். அன்பாகக்கூடச் சொல்லலாம். சொல்லிவிட்டால் உச்சியாருக்கு உப்பு கிடைக்கும். அவளுக்கு அந்த இனிப்பு கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

சொல்ல வாயெடுத்தவள் குட்டியைப் பார்த்துவிட்டாள். அன்று அவள் கழுத்தை நக்கிய குட்டி. அது அவளைப் பார்க்கவில்லை. உச்சியாரையும் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

உப்புத்தரையை நான் உண்டாக்கினேனா? சருகிக்குத் திடீரென்று அந்தக் கேள்வி வந்தது. இல்லை. நான் கொடுக்கிறேனா? இல்லை. அப்படியென்றால் எதற்கு இந்தப் புதர், எதற்கு இந்தக் காத்திருப்பு? காதெல்லாம் சுட்டது அவளுக்கு. வந்த சொல்லை அப்படியே விழுங்கினாள். அதுதான் கசந்தது.

"ஐயா, கொஞ்சம் தள்ளுங்க" என்று பெருங்காலனிடம் சொன்னாள். உச்சியாரின் நெற்றி மண்ணைத் தொடுவதற்கு முன்னால், தான் நின்ற இடத்தை விட்டு இரண்டு எட்டு நகர்ந்தாள்.

"பிள்ளைங்களை இந்தப் பக்கம் நிறுத்துங்க. இங்க ஈரம் இருக்கு, மண் சுலபமா வரும். நீங்க அந்த ஓரம் வாங்க. அங்க கல்லு குத்தாது."

குட்டி ஓடி வந்தது. துளிக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்றது. இரண்டு நாக்கும் ஒரே சத்தம் போட்டன. உச்சியார் இன்னும் தயங்கி நின்றார். அவர் மனைவி கொம்பால் லேசாக இடித்தாள். "வாங்க, உப்பு." அவர் வந்தார். குனிந்தார்.

கொண்டையன் கட்டைமேல் குழம்பிப்போய் நின்றான். வாயைத் திறந்தான். மூடினான்.

"இதை நான் என்னன்னு அறிவிக்கிறது? சருகியம்மா நகர்ந்தருளினார்னா?"

"நகர்ந்தாள்னு சொல்லு" என்றாள் சருகி. "சொல்லாட்டியும் ஒண்ணுமில்லை. இறங்கி வந்து நீயும் நக்கு. எத்தனை நாளாக் கத்தியே தொண்டை காய்ஞ்சு கிடக்கு."

கொண்டையனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் எல்லாருக்காகவும் கூவிக் கூவி, அவன் ஒரு நாள்கூட வயிறார உப்பு தின்றதில்லை. கட்டையிலிருந்து குதித்தான். கொஞ்சம் சறுக்கி, மூக்காயியின் முதுகில் விழுந்தான்.

"விழுந்தருளினார்!" என்றாள் மூக்காயி. காடே சிரித்தது. உச்சியாரும் சிரித்தார். அவர் மூக்கு நுனியில் மண் ஒட்டியிருந்தது. எல்லார் மூக்கிலும் ஒட்டியிருந்தது.

தன் தேவைக்கு வருகிறவரை வரம் கொடுக்க வருகிறவராக ஆக்குவது நம்முடைய கும்பிடுதான். பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு எட்டு நகர்ந்து இடம் விடுவதற்கு யாரும் யாரைவிடவும் பெரியவராக இருக்கவேண்டியதில்லை.